மலைப்பாதையில் கார் ஜி.பி.எஸ். கீழ் வளைவைக் காட்டுகிறது, வரைபடமும் பழையது: எதை முதலில் சரிசெய்வது?

பெருமாள்மலை வாசி (2025 ஜூன் 15)

அனைவருக்கும் வணக்கம். பெருமாள்மலையில் வீட்டோடு சேர்ந்த இரண்டு அறைகளை விருந்தினர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். கொடைரோடு ரயில் நிலையத்திலிருந்தும் பழனியிலிருந்தும் அவர்களை எங்கள் காரிலேயே அழைத்து வருவது வழக்கம். எனக்கு இந்தப் பாதைகள் மனப்பாடம். ஆனால் இப்போது என் தம்பி மகன்தான் பெரும்பாலும் ஓட்டுகிறான். அவன் சமவெளியில் வளர்ந்தவன், மலையில் ஓட்டத் தொடங்கி நான்கு மாதங்களே ஆகின்றன. இரவில் தனியாக ஏறும்போது முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஜி.பி.எஸ். கருவியைத்தான் அவன் நம்புகிறான். கவலையோடு இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

கருவி 2013இல் வாங்கியது. பல ஆண்டுகள் குறையின்றி உழைத்தது. கடந்த மூன்று மாதங்களாக, கார் நிற்கும் இடத்திலிருந்து 40, 50 மீட்டர் தள்ளியே காட்டுகிறது. பழனியிலிருந்து ஏறும் பாதையில் சவரிக்காட்டுக்கு அருகே ஒரு கொண்டை ஊசி வளைவில், மேல் கையில் (வளைவின் மேல்புறச் சாலையில்) சென்றுகொண்டிருந்த காரைக் கீழ் கையில் இருப்பதாகக் காட்டி, வலப்புறம் திரும்பச் சொன்னது. அங்கே வலப்புறத்தில் தடுப்புச்சுவரும் அதற்கப்பால் பள்ளமும்தான் இருக்கின்றன. இரவு 7 மணி, நல்ல மழை. பையன் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குத் தொலைபேசியில் அழைத்தான்.

இரண்டாவது குறை வரைபடம். கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு வழி கேட்டால், பேரிஜம் வழியாகப் போகச் சொல்கிறது. பழனியை விட்டுவிட்டுப் பெரியகுளத்திலிருந்து வழி கேட்டால், அடுக்கம் வழியாக ஏறச் சொல்கிறது.

மூன்றாவதாக ஒன்று, அது முக்கியமா என்று தெரியவில்லை: இன்று திரையில் தேதி 2005 அக்டோபர் 30 என்று இருக்கிறது. கிழமை மட்டும் ஞாயிறு என்று சரியாகவே உள்ளது.

மார்ச் மாதம் கல் விழுந்து விரிசல் விட்ட முன்கண்ணாடியை மாற்றினோம். அதே சமயத்தில், முன்னால் உள்ள சாலையைப் பதிவு செய்யும் டாஷ்கேம் என்ற சிறு கேமராவும் பொருத்தினோம். புதுக் கருவி வாங்கிவிடுவதா, வரைபடத்தை மட்டும் புதுப்பித்தால் போதுமா? வழிகாட்டுங்கள்.

வத்தலக்குண்டு கார் எலக்ட்ரீஷியன்

வணக்கம் ஐயா. புதுக் கருவி வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். நீங்கள் சொன்னவற்றில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று குறைகள் கலந்திருக்கின்றன. வரைபடத்தைப் புதுப்பித்தால் இடம் சரியாகிவிடும் என்று நினைத்துப் பணம் கட்டியவர்களை என் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். கருவி தான் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுவது ஒரு வேலை, கணக்கிட்ட இடத்தை வரைபடத்தின் மேல் வைத்துக் காட்டுவது வேறொரு வேலை. எந்த வேலையில் பிழை என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. மரமும் பாறையும் இல்லாத ஒரு திறந்த மைதானத்தில் காரை நிறுத்தி, கருவியை 15 நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு அமைப்புகளில் செயற்கைக்கோள் நிலையைக் காட்டும் பக்கத்தைத் திறந்தால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் எண்களாகத் தெரியும். கார் ஓரத்திலேயே நின்று கைப்பேசியிலும் அதே எண்களைப் பார்த்து, இரண்டையும் தசமப் பாகையில் ஐந்து இலக்கம் வரை எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாம் இலக்கத்தில் ஒன்று மாறினால் தரையில் சுமார் 1.1 மீட்டர். ஆகவே 0.00045 வேறுபாடு என்றால் ஏறத்தாழ 50 மீட்டர். எண்கள் ஒத்துப்போய், திரையில் உள்ள கார் மட்டும் சாலையை விட்டு விலகி நின்றால், குறை வரைபடத்தில். எண்களே விலகினால் குறை அலை வந்து சேரும் வழியில்.

உங்கள் விஷயத்தில் எண்களே விலகும் என்பது என் ஊகம், ஏனென்றால் குறை மார்ச்சில் தொடங்கியிருக்கிறது, மார்ச்சில்தான் கண்ணாடியும் டாஷ்கேமும் வந்திருக்கின்றன. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை காரின் கூரையை எட்டும்போது மிகவும் நலிந்துபோயிருக்கும். மலிவான டாஷ்கேமும், அதற்கு மின்சாரம் தரும் யூ.எஸ்.பி. சார்ஜரும், சரியான உலோக உறை இல்லாவிட்டால், அந்த அலைவரிசையிலேயே இரைச்சலைக் கக்கும். 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற அந்த ஒரே அலைவரிசையைத்தான் உங்கள் காலத்துக் கருவிகள் கேட்கின்றன. இரைச்சலில் நலிந்த செயற்கைக்கோள்கள் முதலில் காணாமல் போகும். இடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கு வேண்டும். நான்கைந்து மட்டும் மிஞ்சி, அவையும் வானத்தின் ஒரே பக்கத்தில் இருந்தால், கணக்கு வரும், ஆனால் கோணலாக வரும்.

செயற்கைக்கோள் பக்கத்தில் அலையின் வலிமையைக் காட்டும் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே டாஷ்கேமின் சார்ஜரை சாக்கெட்டிலிருந்து முழுவதுமாகப் பிடுங்குங்கள். கேமராவை அணைத்தால் மட்டும் போதாது. இரண்டு மூன்று நிமிடங்களில் பட்டைகள் உயர்ந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். உயராவிட்டால் கருவியைக் கையில் பிடித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டுங்கள். அப்போது உயர்ந்தால் கண்ணாடியைச் சந்தேகிக்கலாம். வெயிலின் வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்த முன்கண்ணாடிகள் இருக்கின்றன, அவை ரேடியோ அலையையும் தடுக்கும். அவற்றில் பின்னோக்குக் கண்ணாடியை ஒட்டிய ஒரு சிறு பகுதியில் பூச்சு இருக்காது. ஃபாஸ்டேக்கையும் அங்கே ஒட்டினால்தான் படிக்கும். கண்ணாடி மாற்றிய பிறகு கொடைரோடு சுங்கச்சாவடியில் உங்கள் ஃபாஸ்டேக் தடங்கலின்றிப் படிக்கிறதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அதுவும் ஒரு தடயம்.

தேதி விஷயம் வேறு. ஜி.பி.எஸ். தன் செய்தியில் தேதியை நேரடியாகச் சொல்வதில்லை, எத்தனையாவது வாரம் என்று சொல்கிறது. அந்த எண் 1,023 வரைதான் போகும், பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பர். எந்தச் சுற்று என்பதைக் கருவியின் மென்பொருள்தான் ஊகிக்க வேண்டும், பழைய மென்பொருள் ஒரு சுற்றைத் தவறவிடும். இன்றைய தேதியிலிருந்து 1,024 வாரங்களை, அதாவது 7,168 நாட்களைக் கழித்தால் சரியாக 2005 அக்டோபர் 30 வருகிறது. முழு வாரங்களாகக் கழிவதால்தான் கிழமை மாறவில்லை. இது பொதுவாக இடத்தை நகர்த்தாது. வந்துசேரும் நேரம், பகல் இரவுத் திரை மாற்றம் ஆகியவற்றைக் கெடுக்கலாம். தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் (கருவியின் உள்மென்பொருள்) புதுப்பிப்பு வெளியிட்டிருந்தால் சரியாகும், இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம்.

பழனி பைக் பயணி

என் அனுபவத்தில் இது பனிமூட்டத்தால் வருவது. டிசம்பரில் மேகம் இறங்கும்போதெல்லாம் என் கைப்பேசியிலும் இடம் தடுமாறுகிறது. மழை விட்ட பிறகு ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற நில அளவையாளர், கொடைக்கானல்

பயணி நண்பர் சொல்வது இயல்பாக எழும் எண்ணம்தான், ஆனால் காரணம் பனிமூட்டம் அன்று. ஜி.பி.எஸ். பயன்படுத்தும் அலைவரிசை மேகத்தையும் மூடுபனியையும் ஏறக்குறைய இழப்பின்றிக் கடந்துவிடும். பனி இறங்கும் நாட்களில் நம் மலையில் இலைகள் நனைந்திருக்கின்றன என்பதே உண்மையான வேறுபாடு. ஈரமான அடர்ந்த இலைக்கூரை, உலர்ந்த கூரையைவிட அலையை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். சோலைக்காட்டுக்கும் சவுக்கு, யூகலிப்டஸ் வரிசைகளுக்கும் அடியில் சாலை செல்லும் இடங்களில் இதை நான் வேலைக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன்.

பெருமாள்மலை ஐயாவின் சவரிக்காட்டு வளைவுக்கு வருகிறேன். ஒரு பக்கம் பாறைச்சுவர் இருந்தால் அந்தப் பக்கத்து வானம் முழுவதும் மறைந்துவிடும். மறைந்த செயற்கைக்கோளின் அலை எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி வந்து சேர்வதும் உண்டு. அது நேர்வழியைவிட நீண்ட தூரம் பயணம் செய்து வருவதால், கருவி அந்தச் செயற்கைக்கோளை உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகக் கணக்கிட்டு, காரையும் இடம் மாற்றி வைத்துவிடும்.

இதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கார் கருவிகள் கணக்கிட்ட புள்ளியை அப்படியே காட்டுவதில்லை, அருகில் உள்ள சாலைக்கோட்டின் மேல் இழுத்து ஒட்டிக் காட்டுகின்றன. சமவெளியில் இது நன்மை. திண்டுக்கல் மதுரைச் சாலையில் 15 மீட்டர் பிழை வந்தாலும் கார் சாலையிலேயே தெரியும், ஏனென்றால் பக்கத்தில் வேறு சாலை இல்லை. மலையிலோ வளைவின் மேல் கையும் கீழ் கையும் உயரத்தில் பல மீட்டர் வேறுபட்டாலும், மேலிருந்து பார்க்கும் தளப்படத்தில் 20, 30 மீட்டர் இடைவெளியில்தான் இருக்கும். ஜி.பி.எஸ். கணக்கில் உயரத்தின் பிழை கிடைமட்டப் பிழையைவிடப் பெரிது என்பதால், உயரத்தைக் கொண்டு எந்தக் கை என்று கருவியால் தீர்மானிக்க முடிவதில்லை. திறந்த வெளியில் 5 மீட்டருக்குள் காட்டும் நல்ல கருவிகூட இத்தகைய வளைவில் ஒரு கணம் தாவக்கூடும். ஆகவே டாஷ்கேமைக் கழற்றினாலும் இந்த ஒரு குறை முழுவதும் நீங்காது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். மலைப்பாதையில் பெயர்ப்பலகையும் மைல்கல்லும் சொல்வதுதான் முதல் சாட்சி என்று பையனுக்கு அழுத்திச் சொல்லுங்கள். வளைவுக்குள் இருக்கும்போது கருவி சொல்லும் திருப்பத்தை ஏற்கவே வேண்டாம், வளைவைக் கடந்து நேரான துண்டுக்கு வந்தபின் அது சொல்வதைக் கேட்கட்டும்.

நேரமும் கவனிக்கத்தக்கது. புவிகாந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் கோடு, தென்தமிழ்நாட்டின் மேலாகச் செல்கிறது. 1899இல் கொடைக்கானலில் தொடங்கப்பட்ட சூரிய ஆய்வகத்தில் புவிகாந்த அளவீடுகள் நெடுங்காலம் எடுக்கப்பட்டதற்கு இந்த அமைவிடம் ஒரு காரணம். நடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் மறைந்த பிறகு, நள்ளிரவு வரையில், மேல்வளிமண்டலத்தில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி அடுக்கு கொந்தளிக்கும். தன்னைக் கடந்து வரும் ஜி.பி.எஸ். அலையை இந்த அடுக்கு தாமதப்படுத்தும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது மிகும், சூரியன் உச்சச் செயல்பாட்டில் இருக்கும் இந்த ஆண்டுகளில் இன்னும் மிகும். ஒரே அலைவரிசையைக் கேட்கும் கருவி அயனி அடுக்கின் தாமதத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் திருத்திக்கொள்ள முடியும். இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் இன்றைய சில கைப்பேசிகள் இதை நன்றாகச் சமாளிக்கின்றன. ஆனால் உங்கள் கருவி பகலிலும் 40, 50 மீட்டர் விலகுகிறது என்றால், முதல் சந்தேகம் எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னதன் மேல்தான் விழ வேண்டும்.

விருந்தினர்களை அழைத்து வருபவர் என்பதால் இன்னொன்று. இடத்தை எண்களாக அனுப்பும்போது பாகை, கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வடிவத்தையும் தசமப் பாகை வடிவத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 10 பாகை 14.5 கலை என்பதை 10.145 என்று தட்டச்சு செய்தால், கருவி எந்தப் பிழையும் சொல்லாமல் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தெற்கே கொண்டுபோய் நிறுத்தும். சரியான தசம எண் 10.2417. கருவியும் பழுதில்லை, வரைபடமும் பழுதில்லை, விருந்தினர் மட்டும் வேறொரு மலையடிவாரத்தில் நிற்பார்.

மேல்மலை வண்டி ஓட்டுநர்

வரைபடத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் வரும் வெளியூர் வண்டிகள் வழி தவறி நிற்பதை வாரந்தோறும் பார்க்கிறேன்.

உங்கள் வரைபடம் எவ்வளவு பழையது என்று அறிய எளிய வழி இருக்கிறது. கொடைரோட்டைத் தொட்டுச் செல்லும் தேசிய நெடுஞ்சாலைக்கு அது என்ன எண் காட்டுகிறது என்று பாருங்கள். 7 என்று காட்டினால் அது எண்களை மாற்றுவதற்கு முந்தைய தரவு, இன்றைய எண் 44. வத்தலக்குண்டு புறவழிச்சாலை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூணாறு வழியைப் பொறுத்தவரை, கருவி முழுப் பொய் சொல்லவில்லை. பேரிஜம் வழியாக, மூணாறு பக்கத்தில் உள்ள டாப் ஸ்டேஷன் நோக்கிச் செல்லும் பாதை மண்ணில் இருக்கிறது. ஆனால் பேரிஜம் ஏரிக்குச் செல்லவே வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கப்பால் பொது வாகனங்கள் பல ஆண்டுகளாகச் செல்ல முடியாது. சாலை இருக்கிறது என்பதும் அதில் போகலாம் என்பதும் வரைபடத்தில் இரண்டு தனித்தனிக் குறிப்புகள். பழைய தரவில் முதல் குறிப்பு இருக்கிறது, இரண்டாவது இல்லை. மூணாறுக்குத் தேனி, போடி, போடிமெட்டு வழிதான். அடுக்கம் பாதை குறுகலானது, மண்சரிவுக்கு உள்ளாவது. இரவில் மலைக்குப் புதியவர் ஓட்ட ஏற்றதன்று. அதைக் கருவி தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் வரைபடமாக இல்லாமல், வழித்தேர்வு அமைப்பாகவும் இருக்கலாம். 'குறைந்த தூரம்' என்று வைத்திருந்தால் 'விரைவான வழி' என்று மாற்றுங்கள், செப்பனிடப்படாத சாலைகளைத் தவிர்க்கும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். வத்தலக்குண்டையும் டம்டம் பாறையையும் இடைப்புள்ளிகளாகச் சேமித்துவிட்டால் அது அடுக்கத்தின் பக்கம் போகவே போகாது. 2024 சனவரியில் கூடலூரில் ஒரு கார் வழிகாட்டிச் செயலியை நம்பிப் படிக்கட்டில் இறங்கி நின்ற செய்தியைப் படித்தபோது, என் வண்டியிலும் இந்த அமைப்புகளை அன்றே சரிபார்த்தேன்.

புதுப்பிக்கும்போது மூன்று இடங்களில் கவனம் தேவை. பழைய வரைபடக் கோப்பைக் கணினியில் படியெடுத்து வைக்காமல் எதையும் அழிக்க வேண்டாம். புதிய வரைபடம் பழையதைவிடப் பெரிது, உள்நினைவகம் போதாமல் பாதியில் நின்றால் கருவி திறக்காமலே போகலாம். தென்னிந்தியப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்க முடிந்தால் அப்படிச் செய்யுங்கள், அல்லது மெமரி கார்டில் ஏற்றுங்கள். கார்டு 32 ஜி.பி.க்கு மேற்பட்டதாக இருந்தால் அக்காலக் கருவிகள் பெரும்பாலும் படிக்காது. தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்தியிருந்தால், பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தின் தரவிலிருந்து தயாரித்த இலவச வரைபடங்கள் கார்மின் வகைக் கருவிகளுக்குக் கிடைக்கின்றன. மற்ற வகைகளில் எவை ஏற்கும் என்று கையேட்டைப் பார்க்க வேண்டும்.

அந்த இலவச வரைபடத்தில் ஒரு சாலை தவறாக இருந்தால் நாமே திருத்தலாம் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நம் ஊர்களை நம்மைவிட யார் நன்றாக அறிவார்கள்? மன்னவனூர் பக்கத்தில் சில சாலைகளை நான் ஓட்டிய தடத்தைக் கொண்டே சரிசெய்திருக்கிறேன்.

பெருமாள்மலை வாசி (2025 ஜூன் 22)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சோதித்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மைதானத்தில் கருவிக்கும் கைப்பேசிக்கும் தீர்க்கரேகையில் 0.00041 வேறுபாடு இருந்தது, அதாவது சுமார் 45 மீட்டர். டாஷ்கேம் சார்ஜரைப் பிடுங்கியதும், நான் எதிர்பார்க்காத வேகத்தில் பட்டைகள் உயர்ந்தன. ஐந்து செயற்கைக்கோள்கள் ஒன்பதாயின. சில நிமிடங்களில் வேறுபாடு 0.00006க்குக் குறைந்தது. கருவியை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபோது அதற்கு மேல் மாற்றம் எதுவும் இல்லை, ஃபாஸ்டேக்கும் எப்போதும்போலப் படிக்கிறது. ஆகவே கண்ணாடியின் மேல் குற்றமில்லை.

நெடுஞ்சாலை எண் 7 என்றே இருந்தது. வழித்தேர்வும் 'குறைந்த தூரம்' என்றுதான் இருந்தது, யார் எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை. அதை மாற்றியவுடன், பழைய வரைபடத்திலேயே, பெரியகுளத்திலிருந்து அடுக்கத்தை விட்டுவிட்டு வத்தலக்குண்டு மலைப்பாதையைக் காட்டியது. கருவிக்கு ஆதரவு நின்றுவிட்டது, ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை, எனவே தேதி 2005லேயே இருக்கிறது. நல்வாய்ப்பாக ஓட்டுநர் நண்பர் சொன்ன இலவச வரைபடத்தை எங்கள் கருவி ஏற்றுக்கொண்டது. 8 ஜி.பி. கார்டில் தென்னிந்தியப் பகுதியை ஏற்றினோம். மூணாறுக்கு இப்போது போடிமெட்டு வழி வருகிறது.

நேற்று மாலை பையனுடன் நானும் பழனிப் பாதையில் ஏறினேன். சவரிக்காட்டு வளைவில், அளவையாளர் ஐயா சொன்னபடியே, கார்ச் சின்னம் ஒரு முறை கீழ் கைக்குத் தாவி, சில நொடிகளில் மேலே திரும்பியது. பையன் அதைப் பார்த்தான், நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

டாஷ்கேமை விட்டுவிட மனமில்லை, இரவில் அதுவும் ஒரு பாதுகாப்புத்தான். இரண்டையும் சேர்த்து வைத்திருக்க வழி உண்டா?

வத்தலக்குண்டு கார் எலக்ட்ரீஷியன்

உண்டு ஐயா. இரைச்சல் பெரும்பாலும் சார்ஜரிலிருந்தும் அதன் கம்பியிலிருந்தும்தான் வருகிறது. டாஷ்கேமுக்குத் தரமான வேறு சார்ஜரைப் போட்டு, இரண்டு கருவிகளும் ஒரே சாக்கெட்டைப் பகிராதபடி டாஷ்கேமை ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனிக் கம்பியில் இணைக்கலாம். அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் (காந்தப்பொருள்) வளையத்தை மாட்டி, கம்பியை ஜி.பி.எஸ். இருக்கும் பக்கமாக இழுக்காமல் எதிர்ப்பக்கத் தூணின் வழியாக இறக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஒரு முழமாவது இடைவெளி இருக்கட்டும். பொருத்தியபின் அதே மைதானத்தில் அதே எண்களை மறுபடியும் எழுதிப் பாருங்கள். 0.0001க்குள் இருந்தால் மாட்டியபடியே விட்டுவிடலாம். அடுத்த முறை கொடைரோட்டுக்கு இறங்கும்போது வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் அரை மணி நேர வேலைதான்.